அமெரிக்கப் பழைய பிக்கப் வண்டிகளின் படித்தரங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இவ்விழாவில் சிறிது நேரம் பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டபொழுது நான் மிகவும் தயங்கினேன். குறளையும் கம்பனையும் எடுத்துரைக்க நம் சங்கத்தில் கற்றறிந்தோர் பலர் இருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இரயில்வேயில் சரக்குப் பிரிவு எழுத்தன். எனக்குத் தெரிந்தவையெல்லாம் குறியீடுகளும் சீட்டுகளுமே. "தெரிந்ததையே பேசுங்கள்" என்று அவர் கூறிவிட்டார். ஆகவே, சென்ற ஓராண்டாக என் உறக்கத்தைப் பலமுறை கெடுத்த பொருள் ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன். அமெரிக்க நாட்டின் பழைய பிக்கப் வண்டிகளில் எத்தனை படித்தரங்கள் இருந்தன, தொழிற்சாலையிலேயே எவ்வெவற்றைக் கேட்டுப் பொருத்திக்கொள்ள இயன்றது என்பதே அப்பொருள்.

இஃது எனக்கு எப்படி வந்து வாய்த்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தமக்கையின் மகன் ஒஹையோ மாநிலத்தில் பணிபுரிகிறான். அவன் சென்ற ஆண்டில், 1972-ஆம் ஆண்டுச் செவர்லே சி-10 பிக்கப் ஒன்றை விலைக்கு வாங்கினான். வாங்கிய மறுவாரமே ஒரு படத்தை எனக்கு அனுப்பி, "மாமா, நீங்கள் நாள் முழுதும் குறியீடு படிப்பவர்தாமே? இந்தச் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள்" என்றான். அந்தச் சீட்டுக்குப் பின்னர் வருவேன். அதைப் படிக்கத் தொடங்கியவன் நிறுத்த இயலாமல், அந்நாட்டு வண்டிகளின் வரலாறு முழுவதையும் தேடித் தேடிப் படிக்கலானேன்.

பிக்கப் என்பது நமக்குப் புதிதன்று. நம் காலனி வாசலில் காய்கறி இறக்கும் 'சோட்டா ஹாத்தி' அதன் சிறிய தம்பி. முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த சரக்குப் பெட்டி. அமெரிக்காவில் இவ்வடிவத்தைத் தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்து விற்கத் தொடங்கியது ஃபோர்டு நிறுவனம். அந்நாள் 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் 15. விலை 281 டாலர். அதற்குமுன் குடியானவர்கள் காரின் பின்பகுதியை வெட்டித் தச்சனிடம் மரப்பெட்டி அடித்துக்கொண்டார்கள்.

இனிப் படித்தரம் என்றால் என்ன? தாய்மார்கள் எளிதில் உணர்வார்கள். ஒரே தறி, ஒரே நூல். ஆனால் கரையும் முந்தானையும் வேறு, விலையும் வேறு. வண்டியிலும் அஃதே. சட்டமும் அச்சும் ஒன்றாக இருக்க, இருக்கையின் துணி, கதவின் உட்பலகை, கூரையின் உட்துணி, பளபளக்கும் பட்டைகள் ஆகியவை மாறும். இவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து ஒரு பெயர் சூட்டினால் அது 'டிரிம்' எனப்படும் படித்தரம். கட்டில் சேராமல், ரேடியோ வேண்டும், பவர் ஸ்டீயரிங் வேண்டும் என்று தனித்தனியே கேட்டு வாங்குபவை 'ஆப்ஷன்'. நம் ஓட்டல்களில் 'ஸ்பெஷல்' சாப்பாடு என்பதும், சாதா சாப்பாட்டோடு தனியாக ஓர் அப்பளம் கேட்பதும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் எவ்வளவு சிக்கனமாக இருந்தார்கள் என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-1 வெளிவந்தது. அவ்வண்டியில் ஓட்டுநருக்கு எதிரே இருந்த வைப்பர் மட்டுமே விலையில் அடங்கியது. பக்கத்தில் அமர்பவருக்கு எதிரே வைப்பர் வேண்டுமென்றால் தனியாகக் காசு. அவர் கண்ணில் வெயில் படாமல் மறைக்கும் தட்டுக்கும் தனியாகக் காசு. அவ்வளவு ஏன், அவர் பக்கத்துப் பின்விளக்குக்கும் தனியாகக் காசு! உடன் வருபவர் மனைவியாயினும் சரி, மைத்துனராயினும் சரி, மழையில் வழி தெரியாமல்தான் அமர்ந்திருக்க வேண்டும். வண்டி ஓட வேண்டும், மூட்டை போய்ச் சேர வேண்டும். மற்றவையெல்லாம் ஆடம்பரம் என்பது அக்காலத்துக் கணக்கு.

இதைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வண்டித் தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு இருந்தது. சேற்றுக் காலோடு ஏறுகிறவனுக்கு அதுவே நல்லது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். வேலைக்கென்று பிறந்த பொருளில் ஒன்றும் மிகையாக இராமையே ஒரு அழகு என்பது என் எண்ணம்.

ஆயினும் ஆசை எவரை விட்டது? 1951-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனமே தன் சாதாரண ஓட்டுநர் அறைக்கு 'ஃபைவ் ஸ்டார்' என்று பெயரிட்டது. அப்படியாயின் அதற்கு மேலுள்ளதை என்னவென்று அழைப்பது? 'ஃபைவ் ஸ்டார் எக்ஸ்ட்ரா' என்றார்கள்! கடைசிப் படிக்கே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்ட பிறகு வேறு வழியில்லை அல்லவா?

இடையில் கொரியப் போர் வந்தது. 1950-இல் அது மூண்டபின் நிக்கலும் குரோமியமும் படைக்கலத் தொழிலுக்குத் தேவைப்பட்டன. ஆகவே 1952-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த வண்டிகள் பலவற்றில், மின்ன வேண்டிய இடங்களில் வெறும் வண்ணப் பூச்சே காணப்படுகிறது. அத்தகைய வண்டியை இன்று புதுப்பிக்கிறவர்கள் சிலர், பாவம், அறியாமல் அதற்கும் குரோமியம் பூசிவிடுகிறார்கள். அது பிறந்தபொழுது இல்லாத நகையை அதற்கு அணிவிக்கிறார்கள்.

1955-ஆம் ஆண்டில்தான் பெரிய திருப்பம் ஏற்பட்டது. செவர்லே நிறுவனம் 'கேமியோ கேரியர்' என்றொரு வண்டியை வெளியிட்டது. அதன் உருவத்தை அமைத்தவர் சக் ஜோர்டன் என்னும் இளைஞர். பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானவர். அதுவரை பிக்கப்பின் சரக்குப் பெட்டிக்கு வெளியே மட்கார்டுகள் புடைத்து நிற்கும். கேமியோவிலோ ஓட்டுநர் அறை முதல் பின்விளக்கு வரை ஒரே வழுவழுப்பான பக்கம். அந்தப் பக்கம் இரும்பன்று, ஃபைபர் கண்ணாடி. உள்ளே வழக்கமான இரும்புப் பெட்டிதான். வெளியே ஒரு போர்வை. பின்பம்பரின் நடுப்பகுதியைக் கீழே மடக்கினால் அதன் உள்ளே ஸ்டெப்னி ஒளிந்திருக்கும். சாதாரண அரைடன் பிக்கப்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிக விலை. அவ்வளவு கொடுத்தும் ஒரு மூட்டைகூட அதிகமாக ஏற்ற முடியாது! முதல் ஆண்டில் 5,220 வண்டிகள் செய்தார்கள். 1958 வரை நான்காண்டும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். 1958-இல் இரும்பிலேயே வழுவழுப்பான பக்கம் அமைத்து 'ஃபிளீட்சைடு' என்று வெளியிட்டதும் கேமியோவின் தேவை தீர்ந்தது.

இங்கே நம் நகரத்தார்க்கு ஒரு நற்செய்தி. 1955-ஆம் ஆண்டுக் கேமியோ ஒரே ஒரு நிறத்தில்தான் கிடைத்தது. வெண்மையும் மஞ்சளும் கலந்த தந்த நிறம், ஆங்காங்கே சிவப்பு. அந்தத் தந்த நிறத்துக்கு நிறுவனம் இட்ட பெயர் 'பாம்பே ஐவரி'! நம் மும்பையின் பழம்பெயர்தான். கடலுக்கப்பால் எவரோ ஒரு வண்ணப் பட்டியல் எழுதும்பொழுது நம் ஊர்ப் பெயரைச் சேர்த்திருக்கிறார். இதைக் கண்ட இரவு நான் என் மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் அவ்வளவாக மகிழவில்லை.

இனி, நான் சொல்ல வந்ததன் நடுப்பகுதிக்கு வருகிறேன். மேற்படிக்கு ஒரு பெயர் சூட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் அதற்கும் மேலே ஒரு படி கட்டுகிறார்கள். அதற்குப் புதிய பெயர் வேண்டும். பழைய பெயர் ஒரு படி இறங்குகிறது. பிறகு இன்னொரு படி. ஐம்பதுகளில் ஃபோர்டு வண்டியில் 'கஸ்டம் கேப்' என்பது காசு கூடக் கொடுப்பவர்களின் பெயர். அறுபதுகளில் அதற்கு மேலே 'ரேஞ்சர்' வந்தது. 1970-இல் 'ரேஞ்சர் எக்ஸ்.எல்.டி.' வந்தது, அதே ஆண்டில் 'கஸ்டம்' என்பது எல்லாவற்றிலும் கீழ்ப்படியின் பெயராயிற்று. ரேஞ்சரோ 1983 முதல் வேறொரு சிறிய வண்டியின் பெயராகவே போயிற்று. அன்று உச்சியில் நின்ற எக்ஸ்.எல்.டி. என்னும் எழுத்துகள் இன்றைய ஃபோர்டு வண்டிகளில் அடிப்படிகளுக்கு அருகிலேயே நிற்கின்றன.

செவர்லேயின் கதை இதைவிடச் சுவையானது. 1967-இல் மேற்படி 'கஸ்டம் ஸ்போர்ட் டிரக்'. 1971-இல் கீழிருந்து மேலாகக் 'கஸ்டம்', 'கஸ்டம் டீலக்ஸ்', 'ஷையான்' என மூன்று. ஷையான் என்பது அந்நாட்டுப் பழங்குடி மக்களில் ஓர் இனத்தாரின் பெயர். வயோமிங் மாநிலத் தலைநகரின் பெயரும் அதுவே. பின்னர் அதற்கும் மேலே 'ஷையான் சூப்பர்' என்று ஒன்று. 1975-இல் 'சில்வராடோ' என்னும் புதிய பெயர் உச்சியில் ஏறியது; 'கஸ்டம் டீலக்ஸ்' என்னும் இரட்டைப் புகழ்ச்சொல் வெறும் அடிப்படி வண்டிக்குரியதாயிற்று. 1988-ஆம் ஆண்டுப் புதிய வரிசையில் ஷையானே அடிப்படி! 1999 மாடல் முதல் சில்வராடோ என்பது படியின் பெயரன்று, வண்டியின் பெயரே ஆகிவிட்டது. ஆகவே 'என்னிடம் ஷையான் இருக்கிறது' என்று ஒருவன் சொன்னால், எந்த ஆண்டினது என்று கேட்காமல் அவனை மதிக்கவும் இயலாது, இரங்கவும் இயலாது.

இரயில்வேக் குடும்பத்தார் பலர் இங்கே இருக்கிறீர்கள். 1974-ஆம் ஆண்டில் 'மூன்றாம் வகுப்பு' என்னும் பெயர் நம் இரயில்களிலிருந்து நீங்கியது. அதில் பயணம் செய்தோர் அனைவரும் இரண்டாம் வகுப்பினர் ஆயினர். பார்சல் அலுவலகத்தில் பணியாற்றிய என் தந்தையார் இதை அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். பெயர் மாறிய அன்றே பலகை மெத்தையாகிவிடவில்லை.

பெயரை நம்ப இயலாதாயின் எதை நம்புவது? சீட்டையும் குறியீட்டையும்தான். நாங்கள் 'பி.சி.என்.' என்று எழுதக் கண்டால், பெரிய மூடிய வேகன், காற்றுப் பிரேக் உடையது என்று அறிகிறோம். அதன்மேல் வேறு எந்த வருணனையும் வேண்டுவதில்லை. அதுபோலவே செவர்லேயும் பெரும்பாலான ஆப்ஷன்களுக்கு ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் கொண்ட குறியீடு இட்டது. குளிர்சாதனம் என்றால் சி 60. பவர் ஸ்டீயரிங் என்றால் என் 40. ரேடியோ என்றால் யு 63. ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றாலும் மற்றொன்றுக்கு விசை செல்லுமாறு அமைந்த பின்னச்சு என்றால் ஜி 80. 1967-இல் 'கஸ்டம் ஸ்போர்ட் டிரக்' என்னும் கட்டுக்கும், 1971 முதல் ஷையான் என்னும் கட்டுக்கும் ஒரே குறியீடு: இசட் 84. மேலே ஒட்டிய பெயர் மாறியது. அலுவலகத்துக் குறியீடு மாறவில்லை. எழுத்தர் கூட்டத்தின் புத்தி எல்லா நாட்டிலும் ஒன்றே என்று எண்ணி நான் மகிழ்ந்தேன்.

இக்குறியீடுகளையெல்லாம் அச்சிட்ட சிறு தாள் ஒன்றை, டாஷ்போர்டில் உள்ள சிறு பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியனுப்பினார்கள். 'சர்வீஸ் பார்ட்ஸ் ஐடென்டிஃபிகேஷன்' என்று அதன் தலைப்பு. பெருமைக்காக ஒட்டியதன்று, பழுதுபார்ப்பவன் சரியான உதிரிப்பொருளைக் கேட்டு வாங்குவதற்காக ஒட்டியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதுவே வண்டியின் பிறப்புச் சான்றிதழாக ஆகிவிட்டது. ஏனெனில் கதவுத் தூணில் தகட்டில் பொறித்திருக்கும் வண்டி எண் இவ்வகையில் ஊமை. 1972-ஆம் ஆண்டு எண்ணைப் படித்தால் எந்த நிறுவனம், ஆறு சிலிண்டரா எட்டா, அரைடன்னா முக்கால்டன்னா, எந்த ஆண்டு, எந்த ஊர்த் தொழிற்சாலை என்பவை தெரியும். கஸ்டமா ஷையானா என்பது தெரியாது. சீட்டில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். புதிதாக அச்சிட்ட போலிச் சீட்டுகளும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன.

என் தமக்கை மகன் அனுப்பிய படம் இந்தச் சீட்டினுடையதுதான். அவன் வண்டியின் இரண்டு மட்கார்டுகளிலும் 'ஷையான்' என்னும் சின்னம் மின்னியது. பின்கதவில் மரவரி தீட்டிய பட்டை இருந்தது. உள்ளே கம்பளம் இருந்தது. ஷையானுக்குரிய விலையையே, மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல், அவன் கொடுத்திருந்தான். நான் சீட்டை மூன்று முறை படித்தேன். என் 40 இருந்தது. யு 63 இருந்தது. இசட் 62 இருந்தது. அது கஸ்டம் டீலக்ஸ். இசட் 84 இல்லை.

விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. ஒஹையோவில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அவ்வுப்பு மட்கார்டைத் தின்றுவிடும். பழைய வண்டிக் கிடங்கிலிருந்து வேறு வண்டியின் மட்கார்டைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். அது ஷையானினுடையதாக இருந்தால் பெயரும் கூடவே வந்துவிடும். அதற்குப் பின் வந்தவன் பெயருக்கு ஏற்பக் கம்பளம் விரித்திருப்பான். எவரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் உருவாகிவிடுகிறது.

இதற்கிடையில் அவன் வண்டியைக் கண்டு ஆசைப்பட்ட ஒருவர், அவன் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். அன்றிரவு அவன் பேசினான். "மாமா, அந்தச் சிறு பெட்டியின் கதவு புதிதாகக் கிடைக்கிறது. மாற்றிவிட்டால் சீட்டே இராது. பாதி வண்டிகளில் சீட்டு இருப்பதில்லை. யாரும் கேட்கமாட்டார்கள்" என்றான்.

எனக்குச் சட்டென்று விடை சொல்லத் தோன்றவில்லை. அவன் பணம் சிறிதன்று. மாமன் என்று எதை வைத்து அறிவுரை கூறுவது? என் தந்தையார் பேரேடு எழுதும் முறையை மட்டும் அவனுக்குச் சொன்னேன். ஏட்டில் பிழையாக எழுதிவிட்டால் சுரண்டி அழித்தல் கூடாது. பிழையின்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் என்ன இருந்தது என்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் திருத்தம், அதன்கீழ்ச் சுருக்கொப்பம். அவர் அப்படித்தான் முப்பத்தைந்து ஆண்டு எழுதினார். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். "வண்டிக்கும் பேரேட்டுக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு படம் வந்தது. அதே கதவு, அதே சீட்டு. அதற்கு அடியில் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டியிருந்தான். 'மட்கார்டுகள் இரண்டும் வேறு வண்டியினவை. பின்கதவுப் பட்டையும் கம்பளமும் பின்னர்ச் சேர்த்தவை. இது கஸ்டம் டீலக்ஸ்' என்று எழுதித் தேதியிட்டுச் சுருக்கொப்பமும் இட்டிருந்தான். சின்னங்களைக் கழற்றவில்லை, அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆசைப்பட்டவர் அத்தாளைப் படித்துவிட்டுப் போய்விட்டார். வேறொருவர் கேட்ட விலைக்குக் கொடுத்தால் பெரிய இழப்பு. ஆகவே வண்டி அவனிடமே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் விறகும் தோட்டத்துக்கு மண்ணும் ஏற்றிவருகிறான். கம்பளம் சேறாகிறது என்று அதை எடுத்துவிட்டு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறான். என் தமக்கை மட்டும், பிள்ளையின் பணத்தைக் கெடுத்தவன் என்று என்மீது சினங்கொண்டு, தீபாவளிக்குப் பிறகு இன்னும் சரியாகப் பேசவில்லை. அடுத்த மாதம் ஊருக்குச் செல்லும்பொழுது நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

எனக்கு அளித்த நேரம் முடிந்துவிட்டது என்பதைச் செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். குழந்தைகளும் சலங்கை கட்டிவிட்டார்கள்.